ரெண்டு தும்மல் போட்டால்தான் கிளம்பும் வண்டி

நடுரோட்டில் நின்றுபோன வண்டியை இழுத்துக்கொண்டு போக நல்ல நேரம் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொக்கி சாமி. மற்ற இழுவை வண்டிக்காரர்கள் போன் வந்ததும் சாவியை எடுப்பார்கள். இவர் போன் வந்ததும் பஞ்சாங்கத்தை எடுப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் கிரேனும் கொக்கியும் வைத்திருந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம் வைத்திருந்தார். இரண்டையும் பார்த்த யாரோ கொக்கி சாமி என்று கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. வீடு ஸ்ரீரங்கம் உத்திர வீதியில். கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன் தம்பிகள் பிரபந்தமும் பேங்க் வேலையுமாக இருக்க, நீங்கள் மட்டும் ஏன் லாரிக்கு வந்தீர்கள் என்று கேட்டால், "அதுவும் தாங்கறதுதானே ஸ்வாமி. அங்க பெருமாளைத் தோள்ல தாங்கறா. அடியேன் கொக்கியில தாங்கறேன்" என்பார்.

வண்டியை 'இழுக்கிறேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "துவாக்குடிகிட்ட ஒரு கார் நிக்கறதாம். எழுந்தருளப் பண்ணிண்டு வந்துடறேன்" என்பார். அப்படியே செய்வார். அவர் லாரிக்குப் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும் காரைப் பார்த்தால், அது கெட்டுப்போன வண்டி மாதிரி தெரியாது. வீதிஉலா போகிற மாதிரி தெரியும். வேகமும் அந்த வேகம்தான்.

நான் பால்பண்ணை பக்கத்தில் ஒரு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவன். பத்தாவதோடு படிப்பு முடிந்துவிட்டது. பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று என் வீட்டில் சொல்வார்கள். 'இருக்கு', 'இல்லை', 'நாளைக்கு வரும்' – இந்த மூன்றை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் காலம் தள்ளிவிட்டேன். பேசாதவன் கடையில்தான் பேசுகிறவர்கள் வந்து உட்காருவார்கள். கொக்கி சாமி தினமும் வந்து உட்காருவார்.

ஒரு நாள் மதுரை பைபாசில் ஒரு கட்சிக்காரரின் பெரிய கார் படுத்துவிட்டது. அவருக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. சாமி போய்ச் சேர்ந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொக்கியை எடுத்தார். மணியைப் பார்த்தார். கொக்கியைத் திரும்ப லாரியிலேயே மாட்டிவிட்டார். ராகு காலம் ஆரம்பித்துவிட்டதாம்.

"யோவ், நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியலையே ஸ்வாமி. நட்சத்திரம் சொன்னேள்னா தெரிஞ்சுக்கறேன்."

கட்சிக்காரர் என்ன நினைத்தாரோ, சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சந்திராஷ்டமம். அதைக் கேட்டதும் மனிதர் காற்றுப்போன டயர் மாதிரி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். சாமி புளியோதரைத் தூக்கைத் திறந்தார். ராகு காலம் முடிவதற்குள் கட்சிக்காரர் மகளின் ஜாதகத்தை போனில் வரவழைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றைய கூட்டத்தில் நாற்காலிகள் பறந்த செய்தி மறுநாள்தான் வந்தது. அதற்கப்புறம் அவர் கார் நல்லபடியாக ஓடுகிற நாளிலும் சாமிக்கு போன் செய்து, "கிளம்பலாமா?" என்று கேட்பார்.

இப்படி ஊருக்கே நேரம் சொன்னவரை ஒரு தடவை பச்சைமலை கைவிட்டுவிட்டது. மலையில் நின்றுபோன ஒரு சரக்கு வேனை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல நாள், நல்ல நேரம், எல்லாம் பார்த்துத்தான். ஆனால் பின்னால் கட்டிய வேனுக்குப் பஞ்சாங்கம் தெரியாதே. இறக்கத்தில் அது தன் பாரத்தையெல்லாம் கொடுத்து லாரியைத் தள்ள, சாமி வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர, சக்கரங்கள் சூடேறிப் புகைந்து, கடைசி வளைவில் பிரேக்கை எவ்வளவு மிதித்தும் தலையணையை மிதித்த மாதிரி ஆகிவிட்டது. லாரியை ஒரு மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சட்டை சொல்லிவிட்டது.

மறுநாள் எங்கள் கடை வாசலில் ஒன்பது கஜப் புடவையில் ஒரு அம்மா வந்து நின்றார். லாரி ஸ்பேர் கடைக்கு அப்படி ஒருவர் வருவது அதுதான் முதல் தடவை. கிரீஸ் வாங்க வந்தவர்கள் எல்லாம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

"நான் அவரோட ஆத்துக்காரி. அதிகம் பேசமாட்டார்னு சொல்வாரே, அது நீங்கதானே?"

தலையை ஆட்டினேன்.

"நேத்திக்கு ஆத்துக்குள்ள வந்தப்போ ஒரே கரிஞ்ச வாடை. என்ன பொசுங்கித்துன்னு கேட்டேன். பிரேக்குன்னார். மலையில இறங்கறச்சே எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கற மாதிரி ஏதோ ஒரு பிரேக் இருக்காமே. அதைப் போடற வரைக்கும் இந்தச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."

லாரிச் சாவியைக் கல்லா மேல் வைத்தார். மலைக்கு மட்டும் போகாமல் இருந்தால் போதாதா என்று கேட்க நினைத்தேன். அவரே சொல்லிவிட்டார்.

"மலைக்குப் போகாதேள்னா கேக்கமாட்டார். சமதரைதான்டின்னு சொல்லுவார். வண்டி மேல ஏறிண்டே இருக்கும்."

சாவியை பில்ட்டர் அட்டைப் பெட்டிகளுக்கு மேலே ஒரு ஆணியில் மாட்டினேன். லாரி எங்கள் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. சாமி வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். நிமிர்ந்து சாவியைப் பார்த்தார்.

"பிரேக்கை வாங்கினதும் கொடுத்துடுவேளோன்னோ?"

"கொடுத்துடுவேங்க."

"அப்ப நாளைக்கே வாங்கிடறேன்."

அந்த 'நாளைக்கு' வருவதற்குள் சித்திரை போய் ஆடியும் போய்விட்டது.

எங்கள் கடைக்கு எதிர் ஷெட்டில் ஒரு பாய் மெக்கானிக் இருந்தார். விஷயத்தை அவர் முதல் நாளே முடித்துவிட்டார். "சாமி, சைலன்சர் குழாய்க்குள்ள வட்டமா ஒரு தகடு. பட்டனை அமுத்துனா தகடு குறுக்கே திரும்பி புகை போற வழியை அடைச்சுக்கும். மூச்சு விட முடியாத எஞ்சின் வண்டியைப் புடிச்சு நிறுத்தப் பார்க்கும். உங்களுது காத்து பிரேக் வண்டி, அதனால காத்துல வேலை செய்யுறதையே போடுங்க. குழாய்க்கு ஏத்த அளவு, எஞ்சின் தாங்குற அளவுக்கு அடைப்பு. கியர்ல இறங்கணும், நியூட்ரல் போட்டா வேலை செய்யாது. இவ்வளவுதான். இதுல ஜாதகம் பார்க்க ஒண்ணுமே இல்லை."

"இன்னும் ரெண்டு பேரைக் கேட்டுக்கறேன் பாய் ஸ்வாமி."

தில்லை நகரில் ஒரு கண் டாக்டர். அவர் காரை சாமி ஒரு தடவை இழுத்திருக்கிறார். அவரிடம் போய் பிரேக்கைப் பற்றிக் கேட்டார். டாக்டர் பாவம், பழக்க தோஷத்தில், "எதுக்கும் இன்னொருத்தரையும் பார்த்துக்குங்க" என்றார். சாமி அதையே மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டார். இன்னொருத்தரை, அதற்கப்புறம் இன்னொருத்தரை என்று ஊரையே கேட்டார். மெக்கானிக்குகளின் வாட்ஸப் குழுவில் கேட்டார். பெரிய தகடாகப் போடு என்றார் ஒருவர். சின்னதாகப் போடு என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டார். எந்த பிரேக்கும் வேண்டாம், இரண்டாவது கியரில் இறங்கினாலே போதும் என்று அடித்துச் சொன்னவர் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்.

கரண்டில் வேலை செய்கிற பிரேக் ஒன்றை விற்க, டை கட்டிய ஒருவர் லேப்டாப்போடு கடைக்கே வந்தார். பனிமலையில் ராட்சச லாரி ஒன்று பூனை மாதிரி இறங்குகிற வீடியோவைப் போட்டார். சாமி முழுதும் பார்த்தார்.

"இந்த மலையில எந்தக் கோவில் ஸ்வாமி?"

"கோயிலா? இது பாரின் சார்."

"அப்ப ஜனங்க குறுக்க வரமாட்டா. ஆடு மாடும் இல்லை. இந்த ரோட்ல பிரேக்கே இல்லாம நானும் இறங்குவேனே."

டை கட்டியவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சத்தமே போடாத ஒரு ரகம் இருந்தது, சின்ன வண்டிகளுக்கு வருவது. அதை வாங்கி லாரிக்கு ஒத்துவரச் செய்ய முடியுமா என்று ஒரு வாரம் யோசித்தார். பிறகு அதையும் தள்ளிவிட்டார். "வாயே திறக்காதவாளை நம்பி மலையில இறங்க முடியுமா? உங்களைச் சொல்லலை ஸ்வாமி."

இதற்குள் டோல்கேட் பக்கத்தில் புது இழுவை வண்டிக்காரர் ஒருவர் வந்து நின்றார். வண்டி முழுக்க நீல விளக்கு. சாமியைக் கூப்பிட்டுப் பார்த்து, வண்டி இல்லை என்று கேட்டவர்கள் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாமியின் போன் அடிப்பது குறைந்துகொண்டே வந்தது. கட்சிக்காரர்கூட கூப்பிடுவதில்லை. சாமி ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிறகு ஆணியைப் பார்ப்பார். ஆணிக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நிற்கிற எனக்குத்தான் சங்கடம்.

ஒரு நாள் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் கடையிலிருந்தே காற்றில் வேலை செய்கிற பிரேக் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், லாரிக்கு அடியில் படுத்தார். குழாயை அறுத்தார், பற்றவைத்தார், காலடியில் ஒரு பட்டனை வைத்தார். வெளியே வந்தபோது பாய் முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"முடிஞ்சுது சாமி. ஓட்டிப் பாருங்க."

சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் சாவியை எடுத்துக்கொடுத்தேன். எஞ்சினைப் போட்டார். பட்டனை அமுக்கினார், காலை எடுத்தார். அடைத்த காற்று வெளியே வந்தது.

"உஸ்க்."

சாமி எஞ்சினை நிறுத்தினார். கீழே இறங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து, என்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"என்னாச்சு சாமி?" என்றார் பாய்.

"தும்மித்து."

"யாரு?"

"வண்டி. கிளம்பறச்சே ஒத்தைத் தும்மல். கேட்டேளோன்னோ?"

"சாமி, அது காத்து."

"தும்மலும் காத்துதானே பாய் ஸ்வாமி."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ரெண்டு தும்மல் என்றால் பரவாயில்லையாம், சொல்லப்போனால் நல்லதாம். ஒற்றைத் தும்மலோடு வாசல் தாண்டி அவர் குடும்பத்தில் யாரும் போனதில்லையாம். ரெண்டு தும்மல் போடுகிற பிரேக் ஏதாவது கம்பெனியில் செய்கிறார்களா என்று கேட்டார். அதுவரைக்கும் இதைக் கழற்றிவிடச் சொன்னார்.

பாய் கைகளைக் கந்தலில் துடைத்துக்கொண்டே சொன்னார். "கழட்டுறதுக்கு எனக்கு நாள் நல்லா இல்லை சாமி."

பிரேக் லாரியிலேயே இருந்தது. சாவி ஆணிக்குத் திரும்பியது.

புரட்டாசி வந்தது. ஒரு சனிக்கிழமை உத்திர வீதிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு துறையூர் பெருமாள்மலைக்குப் போனார்கள். சாமி வீட்டு மாமியும் போனார். சாமி வழக்கம்போல எங்கள் கடையில் இருந்தார். மத்தியானம் அவர் போன் அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், போனைக் காதில் வைத்தால் அவருக்குப் பிடிக்காது.

"ஏன்னா, பெருமாளை நன்னா சேவிச்சாச்சு. வேன்தான் கிளம்ப மாட்டேங்கறது. கிளட்ச் போயிடுத்தாம். மலை மேலேயே நிக்கறோம்."

சாமி எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க வராதேள்" என்றார் மாமி உடனே. "டோல்கேட்ல நீல லைட் போட்டுண்டு நிக்கறானாமே, அவனை அனுப்புங்கோ."

போன் நின்றது. சாமி அசையாமல் நின்றார். எதிர் ஷெட்டில் பாய் சுத்தியலை நிறுத்திவிட்டார். நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். பிரேக் போட்டதும் கொடுத்துவிடுங்கள் என்றுதான் மாமி சொன்னார், பிரேக் போட்டாகிவிட்டது. சாவியை நீட்டினேன்.

சாமி வாங்கவில்லை.

"எனக்கு ஏதோ பைத்தியம்னு நினைச்சுக்காதேங்கோ" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "எனக்கு ஒண்ணுன்னா ஆயிட்டுப் போறது. திரும்பி வரச்சே அவ பக்கத்துல உக்காந்துண்டிருப்பா. ஒத்தைத் தும்மலோட எப்படிக் கிளம்புவேன்?"

பாய் ரோட்டைத் தாண்டி வந்தார். "சாமி, நீல லைட்டுக்காரனைக் கூப்பிடவா?"

சாமி போனையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் என் வாய் திறந்திருக்க வேண்டும்.

"சாமி, பட்டனை ரெண்டு தடவை அமுத்துங்க."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அது.

சாமி யோசித்தார். "தும்மல்னா தானா வரணும் ஸ்வாமி. நாமளா வரவழைச்சா அது எப்படிக் கணக்காகும்?"

"முதல் தும்மலும் நீங்க அமுத்தினதுதானே சாமி."

சாமி என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வானத்தில் யாரோ தலையாட்டியிருக்க வேண்டும்.

"வாஸ்தவம்" என்றார். "அது தும்மல்னா இதுவும் தும்மல்தான்."

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றார் பாய் என்னிடம். "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

என்னையும் லாரியில் ஏறச் சொல்லிவிட்டார் சாமி. சாவியை யார் கொடுத்தது என்று மாமி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். பேச ஆள் வேண்டி என்னை யாரும் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு ஏறினேன். சாமி எஞ்சினைப் போட்டார். பட்டனை அமுக்கினார். உஸ்க். இன்னொரு தடவை அமுக்கினார். உஸ்க். கண்ணை மூடித் திறந்தார். கிளம்பிவிட்டோம்.

பெருமாள்மலை உச்சியில் பெண்கள் எல்லாம் நிழலில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி வருவதைப் பார்த்ததும் மாமி எழுந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"பிரேக் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"பொய் சொல்லத் தெரியாதவர்னுதான் உங்ககிட்ட கொடுத்தேன்."

மற்றவர்கள் கோயில் ஜீப்பில் இறங்கிவிட்டார்கள். மாமி மட்டும் லாரியில்தான் வருவேன் என்று ஏறி, எனக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னால் வேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இறக்கம் ஆரம்பித்தது. சாமி இரண்டாவது கியரில் போட்டு, பட்டனில் காலை வைத்தார். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. பின்னால் வேன் தள்ளுவது முதுகில் தெரிந்தது. ஆனால் லாரி தறிகெட்டு ஓடவில்லை. யாரோ பலசாலி பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்ட மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. முதல் வளைவில் சாமி காலை எடுத்தார்.

"உஸ்க்."

மாமி நிமிர்ந்தார். "யாரு தும்மினா?"

"வண்டி" என்றார் சாமி.

"ஒண்ணா, ரெண்டா?"

சாமி என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பட்டனை இன்னொரு தடவை அமுக்கினார். "உஸ்க்."

"ரெண்டு" என்றார்.

"அப்ப சரி" என்று மாமி சாய்ந்து உட்கார்ந்தார்.

அந்த மலை முழுக்க ஒவ்வொரு வளைவிலும் ரெண்டு ரெண்டாகத் தும்மிக்கொண்டே இறங்கினோம். எதிரே ஏறி வந்த ஒரு கார்க்காரர் எங்கள் லாரிக்கு ஜலதோஷம் என்றே நினைத்திருப்பார்.

அடிவாரத்தில் நிறுத்தியதும் மாமி இறங்கினார். நேராகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு மூச்சை இழுத்து முகர்ந்தார்.

"வாடை வரலை" என்றார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனிமே சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சாமியிடம் சொன்னார். சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வேனின் கொக்கியைத் தேவையே இல்லாமல் இறுக்கினார்.

அதற்கப்புறம் சாமியின் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. எங்கள் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பட்டனை ரெண்டு தடவை அமுக்கிவிட்டுத்தான் போவார். பாய் சுத்தியலைத் தூக்கிக் காட்டுவார். நான் தலையை ஆட்டுவேன்.

போன வருஷம் சாமிக்கு முழங்கால் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை. லாரியை அந்த நீல விளக்குக்காரரே வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான், எல்லாவற்றிலும் அவசரம். லாரி இப்போதும் எங்கள் கடை வழியாகத்தான் மலைக்குப் போகிறது. போகும்போது ஒரே ஒரு தடவை, "உஸ்க்."

நான் சுற்றிலும் பார்ப்பேன். கடையில் யாரும் இல்லையென்றால், இன்னொரு தும்மலை நானே போட்டுவிடுகிறேன்.